முதலியார் இல்லாத மொழி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வழக்கில் சிங்களம் மட்டும் தெரிந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் முதலியார் எழுந்து நிற்பார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இன்னும் அந்தப் பழைய பெயர்தான். அவர் பரீட்சை எழுதி, நியமனம் பெற்று, அரச சம்பளத்தில் இருப்பவர். பிழையாகச் சொன்னால் யாரிடம் முறையிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கூண்டில் காது கேளாத ஒருவர் ஏறினால், பாடசாலைக்கு ஆள் அனுப்பி ஓர் ஆசிரியையைக் கேட்பார்கள். அவர் லீவில் என்றால் எங்கோ மூன்று மாதக் கோஸ் முடித்த ஒரு பிள்ளை வரும். அதுவும் இல்லாவிட்டால் கூட வந்த தங்கச்சியையே பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

சட்டத்தரணி உச்ச நீதிமன்றத்தில் பதிவானவர். வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவானவர். சைகைமொழி உரைபெயர்ப்பாளருக்கு அப்படி ஒரு சட்டபூர்வச் சபை இங்கே கிடையாது. அதனால் 'லைசன்ஸ் எடுக்க என்ன செய்ய வேண்டும்' என்று கேட்பவர்களுக்கும், 'லைசன்ஸ் உள்ள ஆளை எங்கே பிடிப்பது' என்று கேட்கும் அலுவலகங்களுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. லைசன்ஸ் செய்ய வேண்டிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நாமே செய்துகொள்ளலாம். அதற்கான பதிவு இது.

முதலில் சட்டம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சாட்சியம் சொல்லலாம் என்கிறது. திறந்த நீதிமன்றத்தில் எழுத வேண்டும், திறந்த நீதிமன்றத்திலேயே சைகை காட்ட வேண்டும். அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். அந்தச் சைகையை யார் வாசித்துச் சொல்வது, அவருக்கு என்ன தகைமை வேண்டும் என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்பு தர வேண்டும் என்கிறது. அதை எழுதியபோது சைகைமொழி யார் மனதிலும் இருந்ததாகத் தெரியவில்லை. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 2ஆம் உறுப்புரை சைகைமொழியையும் மொழி என்றே வரையறுக்கிறது. 9ஆம் உறுப்புரை தொழில்முறைச் சைகைமொழி உரைபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்யச் சொல்கிறது. நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ கோரிக்கைக் கடிதம் எழுதும்போது இந்த நான்கையும் இலக்கத்தோடு குறிப்பிடுங்கள். 'மனிதாபிமான அடிப்படையில் தயவுசெய்து' என்று தொடங்கும் கடிதம் அலுவலகக் கோவைக்குள் (ஃபைலுக்குள்) போய்ப் படுத்துவிடும்.

லைசன்ஸ் உள்ள நாடுகளில் அது எதைச் சோதிக்கிறது என்று பார்த்தால் நமக்கு எது குறைகிறது என்பது விளங்கும். இந்தியாவில் மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் வந்தது. சைகைமொழி உரைபெயர்ப்பில் இரண்டு வருட டிப்ளோமா முடித்து, அந்த மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் இலக்கம் பெற வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்வது அங்கே குற்றம். அமெரிக்காவில் 1964இல் உருவான உரைபெயர்ப்பாளர் பதிவகம் 2012 ஜூலையிலிருந்து, காது கேட்கும் விண்ணப்பதாரியின் செயன்முறைப் பரீட்சைக்குப் பட்டமோ அதற்கு நிகரான அனுபவமோ கேட்கிறது. அந்தச் சான்றிதழும் நிரந்தரமில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை 80 மணி நேரத் தொடர்கல்வி காட்டினால்தான் நிற்கும். அதற்கு மேல் சில மாநிலங்கள் தமக்கெனத் தனி லைசன்ஸும் வைத்திருக்கின்றன. வகுப்பறையில் நிற்பவருக்குத் தனிப் பரீட்சை, ஐந்துக்கு மூன்றரை அல்லது நான்கு புள்ளி என்று மாநிலத்துக்கு மாநிலம் எல்லை மாறும். அவுஸ்திரேலியாவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுசான்று.

இவற்றுக்குப் பொதுவானது மூன்று. சைகை தெரிவது வேறு, உரைபெயர்ப்பது வேறு என்று பிரித்துச் சோதிக்கிறார்கள். மதிப்பிடுவதில் காது கேளாதோருக்கும் இடம் இருக்கிறது. தவறு செய்தால் பெயரை நீக்க ஓர் இடம் இருக்கிறது. இரண்டாவது ஏன் முக்கியம் என்பதற்கு 2013 டிசம்பர் 10 ஒன்றே போதும். ஜொகனஸ்பேர்க்கில் நெல்சன் மண்டேலாவின் நினைவு நிகழ்வில், உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மணிக்கணக்கில் கையசைத்தார். காது கேட்கும் கூட்டத்துக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. தொலைக்காட்சியில் பார்த்த காது கேளாதவர்களுக்கு அந்தக் கைகளில் மொழியே இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. ஆகவே 'நல்லா வேகமாச் செய்யிறார்' என்ற பாராட்டைத் தகைமையாக எடுக்க வேண்டாம்.

இந்திய டிப்ளோமாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னையில் படித்து வந்தவர் தமிழ் பேசுவார் என்பதால் இங்குள்ள காது கேளாதவரோடும் கதைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது வராது. சைகைமொழி பேச்சுமொழியின் நிழல் இல்லை. அது காது கேளாத பிள்ளைகள் கூடிய பாடசாலைகளிலும் விடுதிகளிலும் வளர்ந்தது. இலங்கைக்குள்ளேயே ஒவ்வொரு பாடசாலைக்கும் சைகை கொஞ்சம் கொஞ்சம் மாறும். 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை வழியில் வந்தவரும் யாழ்ப்பாணம் கைதடியில் படித்தவரும் மட்டக்களப்பில் படித்தவரும் ஒரே சொல்லுக்கு மூன்று கை காட்டக்கூடும். கொழும்பில் சிங்கள மொழிமூலம் கோஸ் செய்தவர் வாயசைவைச் சிங்களத்தில் வைப்பார், எழுத்தைச் சிங்கள விரலெழுத்தில் காட்டுவார். தமிழில் படித்த காது கேளாதவருக்கு ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அங்கேதான் தொலையும்.

சான்றிதழைக் கையில் வாங்கினால் பார்க்க வேண்டியவை இவை. பங்குபற்றியதற்கான தாளா, சைகைத் தேர்ச்சிக்கான தாளா, உரைபெயர்ப்புக்கான தாளா? பெரும்பாலும் முதல் வகையாகவே இருக்கும். மொத்த மணித்தியாலம் எழுதியிருக்கிறதா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மூன்று மாதம் என்றால் கூட்டிப் பாருங்கள், 26 மணி நேரத்தைத் தாண்டாது. அது வணக்கம் சொல்லப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அந்தக் கோஸுக்குத் தேசிய தொழிற்தகைமை மட்டம் ஏதாவது உண்டா? ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்ட மட்டம். படிப்பித்தவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர்? இறுதிப் பரீட்சையை வெளியாள் வைத்தாரா, படிப்பித்தவரே வைத்தாரா? இவ்வளவையும் ஒரு போன் அழைப்பில் கேட்டுவிடலாம். கேட்டால் கோபிக்கிற ஆளை விட்டுவிடுங்கள்.

தாள் எப்படி இருந்தாலும் ஆள் வந்த பிறகு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று அவசியம். சைகை தெரியாத உத்தியோகத்தரும் இதைச் செய்யலாம். மேசையில் பேனை, சாவி, தண்ணீர்ப் போத்தல், கோவை என்று நான்கைந்து பொருளை வையுங்கள். உரைபெயர்ப்பாளர் அவற்றைத் தொடவோ சுட்டவோ கூடாது. 'சாவியைக் கோவைக்குக் கீழே வைத்துவிட்டு, போத்தல் மூடியைக் கழற்றி, பேனையை எனக்குத் தாருங்கள்' என்று சொல்லி, காது கேளாதவர் அதே வரிசையில் செய்கிறாரா என்று பாருங்கள். அடுத்தது எதிர்த்திசை. காது கேளாதவர் தன் 12 இலக்க அடையாள அட்டை எண்ணைக் கையால் சொல்லட்டும். உரைபெயர்ப்பாளர் அட்டையைப் பார்க்காமல் வாயால் சொல்லட்டும். பிறகு வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்த வழியைச் சொல்லச் சொல்லுங்கள். இடம், வலம், பாலம், சந்தி எல்லாம் பிசகாமல் வந்தால் தொடரலாம். கைக்குப் போகும் பக்கம் பலருக்கு நன்றாக வரும், கையிலிருந்து வாய்க்கு வரும் பக்கத்தில்தான் விழுவார்கள். சாட்சியம் முழுக்க அந்த இரண்டாவது பக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

ஊர் தெரிவதும் தகைமைதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பள்ளிக்கூடப் பக்கமே போகாமல் வளர்ந்த காது கேளாதவர்கள், அதுவும் போர்க்காலத்தில் சிறுபிள்ளையாக இருந்தவர்கள், கணிசம். அவர்களிடம் இருப்பது வீட்டுச் சைகை. அம்மாவும் அக்காவும் அயலவரும் விளங்கிக்கொள்ளும் கைப்பாஷை. டிப்ளோமா வைத்திருக்கும் மிகச் சிறந்த உரைபெயர்ப்பாளருக்கும் அது ஓடாது. அப்போது செய்ய வேண்டியது, காது கேளாத ஒருவரையே இடையில் இருத்துவது. அவர் வீட்டுச் சைகையையும் உடல்மொழியையும் வாசித்துச் சைகைமொழிக்குக் கொண்டுவருவார், காது கேட்பவர் அதைத் தமிழாக்குவார். அமெரிக்காவில் இந்த இடைநிலை ஆளுக்கெனவே தனிச் சான்றிதழ் உண்டு. நேரம் இரட்டிப்பாகும் என்பதால் ஒரு மணி நேரம் எண்ணியிருந்த விசாரணைக்கு குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உறவுமுறை இன்னொரு குழி. மச்சான், மாமா, மாமி என்று கலியாண உறவும் இரத்த உறவும் பின்னிக் கிடக்கும் இடம் இது. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற முஸ்லிம் ஊர்களுக்குப் போனால் வாப்பா, காக்கா, ராத்தா, சாச்சா. 'அண்ணன்' என்ற கையைக் காட்டுபவர் கூடப்பிறந்தவரைச் சொல்கிறாரா, பெரியப்பா மகனைச் சொல்கிறாரா என்பதை உரைபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்பக் கூடாது. 'உறவு தெளிவில்லை, கேட்டுக்கொள்ள அனுமதி வேண்டும்' என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நாள் விடயமும் அப்படித்தான். திகதி தெரியாதவர் 'மாமாங்கத் தீர்த்தத்துக்கு முதல்நாள்', 'நோன்பு தொடங்கின கிழமை' என்று சொல்வார். அதை அப்படியே தமிழில் சொல்ல வேண்டும். பஞ்சாங்கம் பார்த்துத் திகதியாக்குவது நீதிமன்றத்தின் வேலை.

நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளரும் சத்தியமோ உறுதியுரையோ எடுப்பார். அதற்கு முன், தரப்பினரோடு உறவு உண்டா, இதே விடயத்தில் பொலிஸ் வாக்குமூலத்துக்கும் இவர்தான் நின்றாரா, எந்தச் சைகைமொழியில் எத்தனை வருடப் பழக்கம், முன்பு எந்த நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார் என்ற நான்கு கேள்விகளும் பதில்களும் வழக்கேட்டில் ஏற வேண்டும். சட்டத்தரணிகள் இதைக் கேட்டு வாங்காமல் விடுவதுதான் பெரிய குறை. பிறகு மேன்முறையீட்டில் 'மொழிபெயர்ப்புப் பிழை' என்று வாதாட ஏட்டில் ஒன்றும் இருக்காது. முடிந்தால் சாட்சியின் கைகளையும் உரைபெயர்ப்பாளரின் கைகளையும் ஒரே சட்டகத்தில் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள். சுருக்கெழுத்தாளர் பதிவது தமிழை மட்டும். கை சொன்னது காற்றோடு போய்விடும்.

கேள்வி கேட்பவர்கள் அறியாமல் செய்யும் இரண்டு பிழைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, எதிர்மறைக் கேள்வி. 'நீர் அன்றைக்கு அங்கே போகவில்லையா?' என்றால் தமிழில் 'ஓம்' என்பது 'ஓம், போகவில்லை' ஆகலாம், 'போனேன்' என்றும் ஆகலாம். கையில் தலையாட்டல் வந்தால் இன்னும் மோசம். 'அன்றைக்கு அங்கே போனீரா, இல்லையா?' என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது இதைவிடச் சூட்சுமம். 'அவன் அடித்தானா?' என்று தமிழில் பொதுவாகக் கேட்கலாம். சைகையில் 'அடி' என்றால் கை ஒரு வடிவம் எடுத்தாக வேண்டும். பொத்திய கையா, விரித்த கையா, பொல்லைப் பிடித்த கையா? எந்தப் பக்கத்திலிருந்து, முகத்திலா, முதுகிலா? உரைபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தால் சாட்சிக்கு விடை ஊட்டியதாகிவிடும். பயிற்சி உள்ளவர் அந்த இடத்தில் நின்று, 'இந்தக் கேள்வியை இப்படியே சைகையாக்கினால் பதிலைக் காட்டிக்கொடுத்துவிடும். என்ன நடந்தது என்று திறந்து கேட்க முடியுமா' என்று மன்றிடம் சொல்வார். பயிற்சி இல்லாதவர் ஒரு கையைத் தேர்ந்து காட்டிவிட்டுப் போவார், யாருக்கும் தெரியாது. உரைபெயர்ப்பு என்ற தொழிலுக்கும் சைகை தெரிவதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

பொலிஸ் நிலையத்தில் முதலாவது விடயம் விலங்கு. கையைப் பின்னால் கட்டினால் வாயைக் கட்டியது போல. முன்னால் பூட்டச் சொல்லுங்கள், வாக்குமூலம் எடுக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். எழுதியதைத் திரும்பச் சைகையில் வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம். 'வாசித்துக் காட்டினோம், தலையாட்டினார்' என்று எழுதக் கூடாது. காது கேளாதவர்கள் அதிகாரியின் முன் தலையாட்டுவது பெரும்பாலும் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில்தான். அவரையே சொந்தக் கையில் திருப்பிச் சொல்ல வைத்து, அதை எழுத வேண்டும். உரைபெயர்ப்பாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் வாக்குமூலத்தின் கீழேயே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றக் கனூலா போடுகிறார்கள் அல்லவா, அது எந்தக் கையில்? சைகையில் முதன்மையாக ஓடும் கையில் போட்டு ஒட்டிவிட்டால் நோயாளி பாதி ஊமையாகிறார். மற்றக் கையில் போடுமாறு தாதியிடம் முன்கூட்டியே சொல்லி, கட்டில் தலைமாட்டு அட்டையிலும் எழுதி வையுங்கள். உரைபெயர்ப்பாளர் டொக்டருக்குப் பக்கத்தில், அரையடி பின்னால் நிற்க வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு இருவரும் ஒரே பார்வையில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சத்தில் முகம் கறுத்து, கேள்வியா கூற்றா என்று தெரியாமல் போகும். சைகைமொழியில் இலக்கணத்தில் பாதி புருவத்திலும் வாயிலும் இருக்கிறது, முகக்கவசம் அதை மூடிவிடும். சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்துக்கும் பிள்ளைப்பேற்று, மனநல விடயங்களுக்கும் வீட்டாளை நிறுத்தவே கூடாது. 'அவ பயப்படுவா' என்று தங்கச்சி பாதியை மறைப்பார், அது அன்பினால்தான், ஆனால் ஒப்பம் வைப்பவருக்கு எதற்கு வைக்கிறோம் என்று தெரியாது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பேசப் பேசக் கூடவே உரைபெயர்த்தால் 20 முதல் 30 நிமிடத்துக்குள் மூளை களைக்கும், சொற்கள் விழத் தொடங்கும், செய்பவருக்கே அது தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர்தான் கிடைத்தார் என்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு, நாளைக்கு ஒரு பதிவேடு வந்தாலும் பயன்படும் விதத்தில் இன்றே ஒரு கோவை திறக்கலாம். முதலில் காது கேளாதோர் மத்தியில் குறைந்தது இரண்டு வருடம் பழகுங்கள். சங்கக் கூட்டம், கிரிக்கெட், கலியாணவீடு எல்லாம் கணக்கு. வகுப்பில் படிப்பது சொல், மொழி கிடைப்பது அங்கேதான். காது கேளாத ஒருவரை வழிகாட்டியாக வைத்து, மாதம் ஒரு பத்து நிமிட வீடியோவை அவரிடம் காட்டித் திருத்துங்கள். தமிழ் விரலெழுத்தோடு ஆங்கில எழுத்தும் இலக்கமும் தடங்கலில்லாமல் வர வேண்டும், ஏனெனில் மருந்துப் பெயரும் வாகன இலக்கமும் ஆங்கிலத்தில்தான் வரும். நீதிமன்றச் சொற்களுக்கு உங்கள் பகுதிக் காது கேளாதோரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பிணை, விளக்கமறியல், தவணை, ஜீவனாம்சம் போன்றவற்றுக்குத் தனிச் சைகை இல்லாவிட்டால் எப்படி விளக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்தால் கூண்டுக்கு முன்னால் திணற வேண்டியதில்லை.

கோவைக்குள் சான்றிதழ்ப் பிரதிகள், கிராம உத்தியோகத்தர் சான்று, பொலிஸ் நற்சான்று, காது கேளாதோர் சங்கத்தின் கடிதம், இரகசியம் காப்பேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன், உறவினர் வழக்கில் நிற்க மாட்டேன் என்ற சத்தியக்கடதாசி ஆகியவை இருக்கட்டும். கூடவே பதிவுக் கொப்பி. திகதி, இடத்தின் வகை, எத்தனை நிமிடம், தனியாகவா இருவராகவா, எங்கே திணறினேன் என்று மட்டும் எழுதுங்கள். ஆளின் பெயரோ நோயோ வழக்கின் உள்ளடக்கமோ அதில் வரக் கூடாது. வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது, நீதிமன்ற வாசலில் எடுத்த செல்ஃபி உட்பட. இந்தக் கோவையின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் நீதிமன்றப் பதிவாளரிடமும் ஒரு கடிதத்தோடு கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் எந்த வேலைக்கு நிற்பீர்கள், எதற்கு நிற்க மாட்டீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். கிளினிக்குக்கு வருவேன், மேல் நீதிமன்ற விசாரணைக்கு இன்னும் தகுதியில்லை என்று எழுதுவதில் வெட்கமில்லை. வருடம் தோறும் தை மாதத்தில் புதிய வீடியோவோடும் புதிய மணித்தியாலக் கணக்கோடும் அதைப் புதுப்பியுங்கள். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால் புதியவரிடம் முழுக் கோவையையும் மறுபடி கொடுங்கள், பழையது பெரும்பாலும் அலுமாரிக்குள் பூட்டுப்பட்டிருக்கும்.